ஒரே பையில் இறுக்கமும் லூசும்: ராணுவப் பித்தளை உறையில் கிரிம்ப் எடுத்த கேஸ்

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வார இறுதியானால் ரேஞ்சுக்குப் போய் இலக்கு சுடுகிறவன். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையை வீசாமல் கழுவி, புது பிரைமர் (வெடியைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) அழுத்தி, வெடிமருந்து நிரப்பித் திரும்பவும் பயன்படுத்துவான். அங்கே சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசு உரிமம் எதுவும் வேண்டாம், அதற்கான சாமான்கள் கடையிலேயே கிடைக்கின்றன. போன வருஷம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ராணுவம் ஒருமுறை சுட்ட 5.56 ரைஃபிள் உறைகளை ஒரு பை நிறைய வாங்கியிருக்கிறான். அதில் பாதியில் புது பிரைமர் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது, அழுத்தினால் விளிம்பு மடங்கிக் கோணலாக நிற்கிறது. மீதியில் பலவற்றில் கட்டைவிரலால் தள்ளினாலே உள்ளே போய்விடுகிறது, கவிழ்த்தால் விழுகிறது.

"மாமா, ஒரே பை, ஒரே டூல், ஒரே கை. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் லூசு. இது எப்படி மாமா?"

நான் ஓசூர் சிப்காட் பக்கம் டூல் ரூம் வைத்திருக்கிறவன். எங்களிடம் வருகிற ஜாப் எல்லாம் டை, ஃபிக்ஸ்சர், பஞ்ச், புஷ் என்கிற ரகம். துப்பாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு துளையில் ஒரு பொருள் இறுக்கமாக உட்கார வேண்டும், சிலதில் உட்காரவில்லை, சிலதில் நிற்கவில்லை என்றால் அது எங்கள் தினசரிப் பாடு. அதனால் கேட்டதும் ஆர்வம் வந்துவிட்டது.

மேலே போகும் முன் ஒன்று. இங்கே யாரும் இதை முயற்சி செய்ய நினைக்க வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், தோட்டாவின் பாகங்களும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டோரத்தில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தியைப் படித்து வளர்ந்தவர்கள் நாம், வம்பு எப்படி வரும் என்று தெரியும். அதனால் அவன் இரண்டு உறையை கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டபோதே முடியாது என்று சொல்லிவிட்டேன். போட்டோவும் அளவும் மட்டும் வந்தன, வீடியோ காலில் பேசினோம். அவனுக்குக் காலை, எனக்கு ராத்திரி.

கிரிம்ப் என்றால் என்ன, அது ஏன் இருக்கிறது

உறையின் அடிப்பகுதியில் நடுவே ஒரு சின்னக் குழி. அதில்தான் பிரைமர் என்கிற சிறு கிண்ணம் உட்காரும், துப்பாக்கியின் ஊசி வந்து அடிப்பது அதைத்தான். 5.56-க்கும் அதன் சிவிலியன் இரட்டையான .223 ரெமிங்டனுக்கும் சிறிய ரைஃபிள் பிரைமர். அமெரிக்கத் தொழில் தரத்தின்படி குழியின் விட்டம் 4.39 முதல் 4.43 மில்லிமீட்டர், அங்குலத்தில் .1730 முதல் .1745. பிரைமரின் விட்டம் 4.43 முதல் 4.48 வரை. அதாவது குழியை விட பிரைமர் எப்போதும் கொஞ்சம் பெரிசு, மிக மோசமான சேர்க்கையில்கூட சமமாக இருக்குமே தவிர சிறிசாகாது. பிரஸ் ஃபிட் என்று நாம் சொல்வது இதைத்தான். இறுக்கம் அதிகபட்சம் 90 மைக்ரான் வரை போகலாம், சாதாரணமாக அதில் பாதி இருக்கும். குழியின் ஆழம் சுமார் 3 மில்லிமீட்டர்.

வேட்டைக்கும் இலக்குக்கும் விற்கிற தோட்டாவுக்கு அந்தப் பிரஸ் ஃபிட்டே போதும். ராணுவத்துக்குப் போதாது. தானியங்கித் துப்பாக்கியில் சுடும் அழுத்தத்தில் பிரைமர் பின்னால் நகர்ந்து கழன்று, டிரிகர் பக்கம் போய் விழுந்தால் துப்பாக்கி அங்கேயே மக்கர் செய்யும், சண்டை நடுவில் அதைப் பிரித்து எடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது. அதனால் பிரைமரை உட்கார்த்திய பிறகு குழியின் வாயைச் சுற்றி ஒரு பஞ்சால் அடித்துப் பித்தளையை உள்பக்கம் கொஞ்சம் தள்ளிவிடுகிறார்கள். முழு வட்டமாக அடித்தால் ரிங் கிரிம்ப். மூன்று நான்கு இடத்தில் மட்டும் குத்தினால் குத்துக் கிரிம்ப். மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸில் 1941 முதல் ஓடுகிற லேக் சிட்டி ஆலையின் 5.56 உறைகளில் இன்று பெரும்பாலும் ரிங் கிரிம்ப்தான் காணப்படுகிறது.

பழைய பிரைமரை உள்ளிருந்து ஊசியால் தள்ளி எடுத்துவிடலாம், கொஞ்சம் அதிக பலம் கேட்கும், மெலிந்த ஊசி முறியும், அவ்வளவுதான். (தள்ளுவது சுட்டு முடிந்த பிரைமரை மட்டும். வெடிக்காத பிரைமர் உள்ள உறையைத் தொடவே கூடாது என்று அவனே சொன்னான், அந்த ஒழுக்கம் இருக்கிற பையன்.) பிரைமர் போன பிறகும் வாயில் அந்த உள்நோக்கிய உதடு அப்படியே நிற்கும். அதன் வழியாகப் புது பிரைமரை நுழைத்தால் மடங்கும், சீவும், இல்லையென்றால் பாதியில் நின்று அடிப்பகுதியை விட மேலே துருத்தும். அவனுடைய ஏஆர்-15 ரைஃபிளில் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது, தோட்டாவின் பின்னால் வந்து அடைக்கிற போல்ட் மூடும்போது ஊசி தன் வேகத்தில் வந்து பிரைமரை லேசாகத் தொட்டுவிட்டுத்தான் நிற்கும். துருத்திக்கொண்டிருக்கும் பிரைமரில் அந்தத் தொடுதல் அடியாக மாறலாம், விரல் டிரிகரில் இல்லாமலே வெடிக்கலாம். லூசு பக்கமும் சாதாரணம் இல்லை. ஓரமாக வாயு கசிந்தால் போல்ட் முகத்தை அரிக்கும், பிரைமர் கழன்று விழுந்தால் எந்தத் தொல்லைக்காக ராணுவம் கிரிம்ப் அடித்ததோ அதே தொல்லை.

அவன் என்ன செய்திருந்தான்

உறையை வைசில், மரத்தாடை போட்டு, அடிப்பகுதி மேலே பார்க்கப் பிடித்திருக்கிறான். கை டிரில்லில் 90 டிகிரி கவுண்டர்சிங்க் பிட் (கூம்பு வடிவ வெட்டுமுனை) மாட்டி வாயில் ஒரு சுற்று. பிரைமர் போனால் சரி. போகாவிட்டால் இன்னொரு சுற்று. அதிலும் போகாததற்கு, பக்கவாட்டில் வெட்டும் பல் உள்ள ஒரு சின்ன ரீமரை (துளையை அகலமாக்கும் டூல்) அதே டிரில்லில் மாட்டி உள்ளே விட்டிருக்கிறான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு ஸ்டாப் கிடையாது, கண்தான் அளவு.

இதைக் கேட்டதுமே பாதி தெரிந்துவிட்டது. ஆனாலும் ஊகத்தில் தீர்ப்புச் சொல்கிற பழக்கம் எங்கள் தொழிலில் கூடாது. மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னேன்: போகாதது, சரியாகப் போனது, விழுவது. ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, டார்ச்சை ஓரமாகச் சாய்த்து அடித்து, அடிப்பகுதியை நேர் மேலிருந்து போட்டோ. நேர் மேலிருந்து என்பதை அழுத்திச் சொன்னேன், கோணத்தில் எடுத்த போட்டோவில் வட்டம் முட்டையாகத் தெரியும், அப்புறம் முட்டை போட்டோவிலா பித்தளையிலா என்ற சண்டை வரும்.

போகாத குவியலின் போட்டோவில் விஷயம் பளிச்சென்று இருந்தது. வாயைச் சுற்றி வெட்டின பளபளப்பு முழு வட்டமாக இல்லை, பிறை வடிவம். ஒரு பக்கம் ஆழமாகச் சீவியிருக்கிறது, எதிர்ப்பக்கம் கிரிம்ப் அடித்த பழைய தடம் மங்கலாக அப்படியே இருக்கிறது. டிரில் சாய்ந்திருக்கிறது. அரைப்பக்க உதடு போய், அரைப்பக்க உதடு நிற்கிறது. பிரைமர் உள்ளே போகும்போது அந்த மிச்சத்தில் தட்டிச் சாய்கிறது, சாய்ந்தது எதிர்ச் சுவரைக் கடிக்கிறது. கூடுதல் அழுத்தம் கொடுத்தால் மடங்காமல் என்ன செய்யும்.

விழுகிற குவியல்தான் சுவாரசியம். அவன் சொன்ன காரணம், ராணுவத் துப்பாக்கியில் அதிக அழுத்தத்தில் சுட்டதால் குழி விரிந்துவிட்டது என்பது. அப்படி நடக்கக்கூடியதுதான், பல முறை நிரப்பிச் சுட்ட உறையில் சகஜம். ஆனால் ஒருமுறை சுட்டதில் இவ்வளவு உறையா என்று சந்தேகம். கேலிப்பரால் குழிக்குள் அளக்கப் பார்த்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் ஒரு எண். சின்னத் துளையில் கேலிப்பரின் உள்தாடை சரியாக உட்காராது, அந்த எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. பின் கேஜ், அதாவது துல்லியமான விட்டத்தில் செய்த எஃகுக் குச்சி, இரண்டு வாங்கு என்றேன், .173 அங்குலம் ஒன்று, .175 ஒன்று. அமெரிக்காவில் தனித்தனியாகவே கிடைக்கிறது, சில டாலர்தான். .173 நுழைய வேண்டும், .175 நுழையக் கூடாது. கோ, நோ-கோ.

கேஜ் வந்ததும் கேட்டது ஒரே கேள்வி. நோ-கோ பின் எவ்வளவு ஆழம் போகிறது?

இதில்தான் கேஸே இருக்கிறது. அழுத்தத்தால் விரிந்த குழியில் நோ-கோ பின் பெரும்பாலும் அடிவரை இறங்கும், ஏனென்றால் விரிவது முழுக் குழி. இவன் உறைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பின் வாயருகே ஒரு மில்லிமீட்டர் போல் இறங்கி நின்றுவிட்டது, அதற்குக் கீழே இறுக்கம் இருந்தது. வாய் அகலம், அடி சரியான அளவு. இதற்கு எங்கள் கடையில் பேரே உண்டு, பெல் மவுத். ரீமரின் அச்சும் துளையின் அச்சும் ஒன்றாக இல்லாமல் சாய்வாக ஓட்டினால் நுழைவாய் மணிபோல விரியும். ஓசூரில் எந்த லேத்காரரிடமும் இதைக் காட்டினால் "டெயில்ஸ்டாக் அவுட்டுப்பா", அதாவது லேத்தின் பின்முனை அச்சு விலகியிருக்கிறது, என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அடிவரை பின் இறங்கிய சில உறைகளும் இருந்தன. அவை உண்மையிலேயே விரிந்தவையோ ரீமர் முழுக்க உள்ளே போய் வெட்டியவையோ, எதுவானாலும் குப்பைதான். அதில் நேரம் போக்கவில்லை.

ஆக இறுக்கத்துக்கும் லூசுக்கும் காரணம் ஒன்றே, சாய்வு. முதல் டூல் சாய்ந்து அரை உதட்டை விட்டுவைத்தது. அது தட்டுகிறது என்று இரண்டாவது டூலை விட்டான், அது சாய்ந்து சுவரைத் தின்றது. போகாத உறைக்கு அவன் கொடுத்த வைத்தியமே லூசு உறையை உண்டாக்கியது. நல்ல குவியலில் இருந்தவை தற்செயலாக டிரில் நேராக நின்றபோது செய்தவை.

கவுண்டர்சிங்க்கின் கணக்கையும் சொன்னேன். 90 டிகிரி கூம்பு 0.1 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் வாய் விட்டம் 0.2 கூடும். அவன் அளவு அனுப்பிய மோசமான உறை ஒன்றில் வாய் 5.6 மில்லிமீட்டர் அருகே இருந்தது. அதாவது ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுவர் போய்விட்டது, 3 மில்லிமீட்டர் குழியில் ஐந்தில் ஒரு பங்கு. பிடித்து நிறுத்த வேண்டிய சுவரையே அந்த அளவுக்குக் குறைத்துவிட்டு, அதன் மேல் ரீமரால் விரிக்கவும் செய்தால் பிரைமர் எதைப் பிடித்து நிற்கும்? கிரிம்ப் எடுப்பதில் பலத்துக்கு வேலையே இல்லை. உதடு மட்டும் போக வேண்டும், அதற்குக் கீழே உள்ள குழியில் ஒரு மைக்ரான்கூடக் கை படக் கூடாது. முழு வேலையும் ஆழத்தை நிறுத்துவதிலும் அச்சை நேராக வைப்பதிலும்தான் இருக்கிறது.

கடையில் செய்து பார்த்தது

காதால் கேட்டதை ஒருமுறை கையால் பார்த்துவிடலாம் என்று பித்தளை ராடிலிருந்து சில வட்டுகள் திருப்பினோம், தோட்டாவோடு உருவத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத வெறும் வட்டு, நடுவில் 4.4 துளை, வாயில் ஒரு பஞ்ச் அடி. வைசில் பிடித்துக் கை டிரில் விட்டால் அதே பிறை, அதே மணி. பில்லர் டிரில்லிங் மெஷினில் கட்டரை நேராக நிறுத்தி, வட்டைக் கையால் லூசாகப் பிடித்துக் கொடுத்தால் முழு வட்டம்.

ஒரு வித்தியாசம் மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். நம் ஊரில் ராடாகக் கிடைக்கிற பித்தளை ஃப்ரீ கட்டிங் ரகம், சுமார் 58 சதவீதம் தாமிரம், இரண்டு மூன்று சதவீதம் ஈயம், மீதி துத்தநாகம். துருவல் பொடியாக உதிரும், வெட்டுவதற்கு வெண்ணெய். தோட்டா உறை அப்படி இல்லை. 70 தாமிரம், 30 துத்தநாகம், ஈயம் கிடையாது. ஆழமாக இழுத்து உருவாக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கலவை. ஃப்ரீ கட்டிங் பித்தளையின் வெட்டுத் தன்மையை 100 என்று வைத்தால் இதற்கு 30 தான். துருவல் பொடியாகாமல் நாராக வரும், மழுங்கிய கட்டரென்றால் வெட்டாமல் இழுக்கும், அதிரும், வாயில் அலை அலையாகத் தடம் விழும். அவன் போட்டோக்களில் அந்த அலையும் இருந்தது. கூர்மையான கட்டர், குறைந்த வேகம், பல் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பல் உள்ள கவுண்டர்சிங்க் அதிராது, இது எந்தப் பொருளுக்கும் பொருந்தும்.

இன்னொரு எச்சரிக்கையும் கொடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் "சூடு பண்ணி மென்மையாக்கிட்டா சுலபமா இருக்குமா மாமா" என்று கேட்டான். கூடவே கூடாது. உறையின் மறுமுனையில் குண்டு உட்காரும் வாய்ப் பக்கத்தை அனீல் செய்வது (சூடாக்கி மென்மையாக்குவது) உண்டு, அடிப்பக்கம் வேண்டுமென்றே கடினமாக விடப்பட்டது, முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுதான். அதை மென்மையாக்கினால் பிரைமர் குழியைப் பற்றிக் கவலைப்பட அவசியமே இருக்காது, கவலைப்படுகிற ஆளுக்கு முகம் இருந்தால் போதும்.

சரி செய்த விதம்

கை டிரில் ஓரம் போனது. கிரிம்ப் எடுப்பதற்கென்றே விற்கிற கட்டர் உண்டு, அதில் ஒரு தோள் இருக்கும், அந்தத் தோள் உறையின் அடியில் முட்டியதும் அதற்கு மேல் வெட்டாது. நுனிப்பகுதி குழிக்குள் வழிகாட்டியாகப் போகும், வெட்டாது. அதைப் பெஞ்சில் நிலையாக மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, உறையை விரலால் பிடித்துக் கொண்டுபோய் முட்டவைக்கச் சொன்னேன். வைஸ் வேண்டாம். இரண்டையும் இறுக்கிப் பிடித்தால் இரண்டின் அச்சும் சண்டை போடும், ஒன்றை மிதக்க விட்டால் அதுவாக நேராகும். டூல் ரூமில் ஃப்ளோட்டிங் ரீமர் ஹோல்டர் எதற்கு இருக்கிறதோ அதே காரணம். அன்று செய்த உறைகளில் பிறை ஒன்றுகூட இல்லை.

வேலை மெதுவாகப் போகிறது என்று அடுத்து ஒரு ஸ்வேஜ் டூலும் வாங்கிவிட்டான். எனக்கு அந்த முறை இன்னும் பிடித்தது. இது வெட்டுவதே இல்லை. உறைக்குள் ஒரு தண்டு போய் அடித்தட்டை உள்ளிருந்து தாங்கும், வெளியிலிருந்து கடினப்படுத்திய எஃகு மொட்டு ஒன்று குழிக்குள் ஏறி, உள்ளே வந்த உதட்டைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். எந்தப் பித்தளையும் போகவில்லை, நகர்ந்தது மட்டும்தான். துருவலும் இல்லை. டில்லன் கம்பெனி பெஞ்சில் மாட்டுகிற மாதிரி ஒன்று, ஆர்சிபிஎஸ் கம்பெனி பிரஸ்ஸில் மாட்டுகிற மாதிரி ஒன்று என்று பல வடிவங்கள் விற்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். சில உறையில் ஸ்வேஜ் பண்ணியும் பிரைமர் தட்டுகிறது, சிலதில் வாய் உப்பி நிற்கிறது. செட்டிங் மாற்றவே இல்லை என்று சத்தியம் செய்தான்.

செட்டிங் மாறவில்லை, உறை மாறியது. அந்தப் பையில் லேக் சிட்டி மட்டும் இல்லை, நான்கைந்து ஆலைகளின் உறைகள் கலந்து கிடந்தன. ஒவ்வொரு ஆலையும் அடித்தட்டை வெவ்வேறு கனத்தில் செய்கிறது. தாங்கும் தண்டின் முனை நிலையானது, மொட்டு வந்து நிற்கிற இடமும் நிலையானது. நடுவில் இருக்கிற தட்டு கனமாக இருந்தால் குழியின் வாய் மொட்டை நோக்கித் தள்ளி நிற்கும், மொட்டு அளவுக்கு மீறி உள்ளே போகும், வாய் உப்பும். தட்டு மெலிதாக இருந்தால் மொட்டு உதட்டை முழுசாகத் தொடாமலே திரும்பிவிடும். பிரஸ் டூலில் ஷீட் கனம் மாறினால் ஷட் ஹைட், அதாவது பிரஸ் மூடி நிற்கும் உயரம், மாற்றுவோமே, அதேதான்.

தீர்வு ஒன்றுதான்: உறை அடியில் உள்ள முத்திரையைப் பார்த்துப் பிரிப்பது. லேக் சிட்டி என்றால் எல், சி என்ற எழுத்தும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும், நேட்டோ சரக்கென்றால் வட்டத்துக்குள் சிலுவைக் குறியும் இருக்கும். ஒரு முத்திரைக்கு ஒரு செட்டிங், குவியல் மாறினால் செட்டிங் மாற்றி, முதலில் இரண்டு மூன்றைச் செய்து கேஜ் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் ஓட்டம். பொறுமை இல்லாத கலப்படக் குவியலுக்குத் தோள் கட்டரே மேல், ஏனென்றால் அது அடித்தட்டின் கனத்தைப் பற்றிக் கவலைப்படாது, வெளி முகத்தில் முட்டித்தான் நிற்கும். ஒரே முத்திரையில் நிறைய இருந்தால் ஸ்வேஜ். சிலர் ஸ்வேஜ்தான் ஒரே சரியான வழி என்று அடித்துச் சொல்வதாக அவன் சொன்னான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, கேஜ் ஒத்துக்கொண்டால் எந்த வழியும் சரிதான்.

சுத்தம் பற்றியும் ஒரு வரி. குழியின் அடியில் எரிந்த கரி தங்கியிருந்தால், கிரிம்ப் போன பிறகும் பிரைமர் துருத்தும், அதைக் கிரிம்ப் என்று நினைத்து மறுபடி வெட்டக் கூடாது. வெட்டும் முன்னாலேயே கழுவிவிட வேண்டும். அந்தக் கரியில் ஈயம் இருக்கிறது, உலர்ந்த தூசியாகப் பறக்க விடாமல் ஈரமாகக் கழுவுவது நல்லது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. அவன் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அதனால் இதை இரண்டு முறை சொன்னேன், அக்காவிடமும் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அவன் முறை இப்படி: பிரைமர் தள்ளுவது, கழுவுவது, முத்திரை பார்த்துப் பிரிப்பது, கிரிம்ப் எடுப்பது, இரண்டு பின் கேஜ். நோ-கோ நுழைந்தால் பிளையரால் குண்டு உட்காரும் வாயை நசுக்கி ஸ்கிராப் டப்பாவில், அப்போதுதான் தவறிக்கூட நல்ல குவியலுக்குத் திரும்பாது. பிரைமர் அழுத்திய பின் விரலால் தடவிப் பார்ப்பது, அடிமட்டத்தை விட மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். ஒருமுறை கிரிம்ப் எடுத்த உறைக்கு அது திரும்ப வராது என்பதால் அவற்றைத் தனி டப்பாவில் வைத்துக்கொள்கிறான், அடுத்த சுற்றில் அந்த வேலையே இல்லை.

அடுத்து ராணுவ .308 உறை ஒரு பை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறான். அது பெரிய ரைஃபிள் பிரைமர், குழி 5.30 முதல் 5.33, ஆழமும் கொஞ்சம் கூட. இந்த மொட்டும் ஆகாது, இந்தக் கட்டரும் ஆகாது, பின் கேஜும் புதுசு வாங்க வேண்டும். கேஜை முதலில் வாங்கு, பையை அப்புறம் வாங்கு என்று பதில் போட்டிருக்கிறேன்.